சுடுவதற்கு முந்தைய ஆட்டம்

இணையவழி ஷூட்டர் ஆட்டங்களின் சுவை குறி தவறாத கையைவிட, கண்ணுக்குத் தெரியாத எதிராளியின் எண்ணத்தைக் கணிக்கும் மனத்தில்தான் மிகுதியாகத் தங்கியிருக்கிறது. டூம் முதல் கவுண்டர்-ஸ்டிரைக், பப்ஜி வரை இவ்வாட்டங்கள் வளர்ந்த விதம் அதற்குச் சான்றாக நிற்கிறது.

பெரும்பாலும் ஆட்டக்காரரின் கண்ணையே காட்சிக் கோணமாகக் கொண்டு, திரையில் துப்பாக்கி ஏந்திய கைகள் மட்டும் தெரிய, வெவ்வேறு ஊர்களிலும் நாடுகளிலும் இருக்கும் மனிதர்கள் ஒரே கற்பனைக் களத்தில் இணையம் வழியாக மோதிக்கொள்ளும் ஆட்டங்கள் ஷூட்டர் என்ற பொதுப்பெயரால் அறியப்படுகின்றன. அறைக்கு வெளியே நின்று கேட்பவருக்கு அவை ஓயாத வெடிச்சத்தமாகவே தோன்றும் என்றாலும், ஆட்ட நேரம் எப்படிச் செலவாகிறது என்று பகுத்துப் பார்த்தால் வேறோர் உண்மை புலப்படுகிறது. இவ்வகையில் நீண்ட ஆயுளைப் பெற்றிருக்கும் கவுண்டர்-ஸ்டிரைக்கில் ஒரு சுற்று ஏறத்தாழ 2 நிமிடம் நீடிக்கிறது என்றால், அதில் ஒருவர் உண்மையாகவே சுடும் நேரம் சில நொடிகளைத் தாண்டுவது அரிது. எஞ்சிய நேரமெல்லாம் ஒளிந்திருப்பதிலும், காலடியோசைக்குக் காது கொடுப்பதிலும், எதிரணி எந்த வழியாக வரும் என்று கூட்டாளிகளுடன் கணக்குப் போடுவதிலுமே கழிகிறது.

இன்னொரு மனிதர் வேண்டுமென்றே மறைத்து வைத்திருக்கும் ஒன்றைக் கணிப்பதில்தான் இவ்வாட்டங்களின் இன்பம் தொடங்குகிறது. அந்தக் கணிப்பு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதே தோட்டாவின் வேலை. இந்தப் பார்வையிலிருந்து நோக்கினால்தான் சில ஆட்டங்கள் 20 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆடப்படுவதும், அவற்றைவிடக் காட்சியழகு மிகுந்த பல ஆட்டங்கள் ஓரிரு ஆண்டுகளில் மறக்கப்படுவதும் விளங்கும்.

மனிதர் எதிராளியானபோது

இவ்வகையின் மூலவடிவங்களுள் ஒன்றான மேஸ் வார், 1973-ஆம் ஆண்டளவில் கலிஃபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் உருவாயிற்று. கோடுகளால் வரையப்பட்ட சந்துகளுக்குள் ஒருவரையொருவர் தேடிச் சுடும் அந்த ஆட்டத்தில், இரண்டு கணினிகளைக் கம்பியால் இணைத்ததும் தேடலின் தன்மையே மாறிவிட்டது. சுவர் திருப்பத்திற்கு அப்பால் இருப்பவர் தன்னைப் போலவே யோசிக்கும் ஒருவர் என்ற நிலை வந்தது.

ஆயினும் இந்த அனுபவம் பெருந்திரளைச் சென்றடைய மேலும் 20 ஆண்டுகள் ஆயின. டெக்சாஸைச் சேர்ந்த இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் வெளியிட்ட டூம், பேய்களைச் சுட்டு முன்னேறும் தனிநபர் ஆட்டமாகப் புகழ்பெற்றாலும், ஒரே கட்டடத்திலுள்ள கணினிகளை இணைக்கும் உள்வலைப்பின்னல் வழியாக 4 பேர் வரை மோதிக்கொள்ளவும் அது வழிசெய்திருந்தது. அந்த மோதலுக்கு டெத்மேட்ச் என்று பெயரிட்டவர் ஆட்டத்தின் வடிவமைப்பாளர்களுள் ஒருவரான ஜான் ரொமேரோ. அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் வேலை முடிந்தபின் பரவிய இந்த டெத்மேட்ச், பேய்கள் எத்தனை இருந்தாலும் ஓரிரு முறை ஆடியதும் அவற்றின் போக்கு மனப்பாடமாகிவிடும் என்பதையும், எதிரே ஒரு மனிதர் இருந்தால் மனப்பாடம் செய்தது எதுவும் நிலைக்காது என்பதையும் ஆட்டக்காரர்களுக்கு உணர்த்தியது.

1996 ஜூனில் அதே நிறுவனத்திலிருந்து வந்த குவேக், முழு முப்பரிமாணக் களத்தையும் இணையவழி மோதலையும் ஒருங்கே கொண்டுவந்தது. ஆட்டம் முழுவதையும் ஒரு மையக் கணினியாகிய சர்வர் நடத்த, மற்றவர்களின் கணினிகள் அதனுடன் பேசும் அமைப்பு இதில் கையாளப்பட்டது. தன் காலடியிலேயே ராக்கெட்டை வெடிக்கவைத்து அந்த விசையில் உயரத் தாவும் உத்தியைப் போல, விதிகளின் இடுக்குகளில் திறமைக்கு இடமிருப்பதை அதன் ஆட்டக்காரர்கள் கண்டெடுத்தனர். 1997-இல் நடைபெற்ற ரெட் ஆனிஹிலேஷன் என்ற குவேக் போட்டியில் வென்ற டென்னிஸ் ஃபாங், குவேக்கின் நிரலாளர் ஜான் கார்மாக்குக்குச் சொந்தமாயிருந்த ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்றார். எதிராளி எந்தக் கவசத்தை எப்போது எடுப்பார், அது மீண்டும் தோன்றும் நேரத்தில் எங்கே நிற்பார் என்று மனத்துக்குள் கடிகாரம் ஓட்டுவதற்காக அவர் பேசப்பட்டார். இணையவழிப் போட்டியின் முதல் நட்சத்திரங்களுள் ஒருவரின் பெருமை இவ்வாறு கணிப்பின் மீதே எழுந்தது.

ஐவருக்கு ஐவர்

1998-இல் வெளிவந்த, வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் என்ற ஆட்டத்தை அடித்தளமாகக் கொண்டு, மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் 1999 ஜூனில் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட மாற்று ஆட்டமே கவுண்டர்-ஸ்டிரைக். ஏற்கெனவே உள்ள ஆட்டத்தின் நிரலை ரசிகர்கள் தங்கள் விருப்பப்படி திருத்திப் புது ஆட்டமாக்குவது மாட் எனப்படுகிறது. அந்த மாடின் செல்வாக்கைக் கண்ட வால்வ், மறு ஆண்டே அதைத் தனதாக்கிக்கொண்டு முழு ஆட்டமாக வெளியிட்டது. 2003-இல் 1.6, 2012-இல் குளோபல் அஃபென்சிவ், 2023 செப்டம்பரில் கவுண்டர்-ஸ்டிரைக் 2 என்று வடிவம் மாறிவந்தாலும் அதன் அடிப்படை விதிகள் பெரிதும் மாறவில்லை.

போட்டி ஆட்டத்தில் ஒவ்வோர் அணியிலும் ஐவர் இருப்பர். தாக்கும் அணி இரண்டு குறிப்பிட்ட இடங்களுள் ஒன்றில் வெடிகுண்டை நட்டு அது வெடிக்கும்வரை காக்க வேண்டும். தடுக்கும் அணி அதை நடவிடாமல் செய்ய வேண்டும், அல்லது நட்டபின் செயலிழக்கவைக்க வேண்டும். நட்ட குண்டு வெடிக்க 40 நொடி ஆகும். செயலிழக்கவைக்க 10 நொடி, அதற்குரிய கருவி இருந்தால் 5 நொடி. குவேக்கில் இறந்தவர் உடனே உயிர்த்தெழுந்து ஓடினார் என்றால், இங்கே இறந்தவர் அந்தச் சுற்று முடியும்வரை மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இந்த ஒரே விதி ஒவ்வோர் அடியின் விலையையும் உயர்த்திவிட்டது. திரும்பி வர முடியாது என்று தெரிந்தவர் மூலையைத் திரும்புமுன் யோசிக்கிறார்; யோசிக்கும் எதிராளியை ஏமாற்ற வழி இருக்கிறது.

இதனினும் நுட்பமானது அதன் பணவிதி. ஒவ்வொருவரும் 800 டாலர் கற்பனைப் பணத்துடன் தொடங்கி, வென்ற சுற்றுக்கும் வீழ்த்திய எதிராளிக்கும் ஏற்ப ஈட்டி, அடுத்த சுற்றுக்கான ஆயுதங்களை வாங்குகின்றனர். ஏகே-47 துப்பாக்கி 2700 டாலர். ஒரே தோட்டாவில் பெரும்பாலும் ஆளை வீழ்த்தும் ஏடபிள்யூபி என்ற தொலைநோக்குத் துப்பாக்கி 4750 டாலர். தோற்ற அணிக்கும் ஈட்டுத்தொகை உண்டு. தொடர்ந்து தோற்கும்போது அது படிப்படியாக ஏறி 3400 டாலர் வரை செல்லும். ஆகவே ஒரு சுற்றில் எதையும் வாங்காமல் பணத்தைச் சேமித்து, தோல்வியை ஏற்றுக்கொண்டு, அடுத்த சுற்றில் முழு ஆயுதத்துடன் எழுவதும் ஓர் உத்தியாகிறது. ஆட்டக்காரர்கள் அதை ஈக்கோ சுற்று என்பர். எதிரணியின் கையில் இப்போது எவ்வளவு பணம் இருக்கும், அவர்கள் சேமிக்கப் போகிறார்களா, இருப்பதையெல்லாம் போட்டுப் பாயப் போகிறார்களா என்ற கேள்வி ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எழுவதால், ஆட்டம் துப்பாக்கி கையில் வருமுன்பே தொடங்கிவிடுகிறது.

தாக்குவோருக்கும் தடுப்போருக்கும் இலக்கு வேறு, வாய்ப்பு வேறு என்ற இந்த ஏற்றத்தாழ்வைத் தமிழர் ஆடுபுலி ஆட்டத்தில் பழகியவர்களே. ஆனால் அங்கே காய்கள் எல்லாம் கட்டத்தின் மேல் வெளிப்படையாக இருக்க, இங்கே எதிரணியின் ஐந்து காய்களும் மறைந்திருக்கின்றன. பாதி ஆட்டம் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறிக்கொள்வதால், தாக்கும்போது எங்கே அஞ்சினோம் என்ற நினைவு தடுக்கும்போது பயன்படுகிறது.

களத்தை வரைந்தவர்

மேப் எனப்படும் களவரைபடம் ஷூட்டர் ஆட்டங்களில் வெறும் பின்னணி ஓவியம் இல்லை. யார் எப்போது யாரைச் சந்திப்பார் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும் ஏற்பாடு அது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு டஸ்ட் 2. டேவ் ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் இளைஞர் உருவாக்கி 2001-இல் கவுண்டர்-ஸ்டிரைக்கில் இடம்பெற்ற இந்தக் களம், வட ஆப்பிரிக்க ஊரொன்றை நினைவூட்டும் மணல்நிறச் சுவர்களும் வளைவுகளும் மரப்பெட்டிகளும் கொண்டது. இரண்டு குண்டு நடும் இடங்களுக்கும் செல்லும் வழிகள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். நீண்ட பாதை, மேட்டுக் குறுவழி, நடுவழி, சுரங்கம் என்று சில நிமிடங்களில் அவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளலாம்.

எளிமையாகத் தோன்றும் இக்களத்தின் வலிமை அதன் நேர அளவுகளில் இருக்கிறது. நீண்ட பாதையின் திருப்பத்திற்கு இரு அணிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்துசேரும்படி தூரங்கள் அமைந்திருப்பதால், தொடக்கத்தில் சற்று முன்னால் நிற்க வாய்த்தவருக்கு ஒரு நொடியின் பகுதியளவு முந்துதல் கிடைக்கிறது. நடுவழியிலுள்ள மரக்கதவுகளின் சிறு இடைவெளி வழியாகத் தாக்கும் அணியின் துப்பாக்கி, மறுபுறம் கடந்து செல்லும் தடுப்பணியினரை ஒரு கணம் பார்க்க முடியும்; அந்த ஒரு கணத்தில் எத்தனை பேர் கடந்தனர் என்று எண்ணிவிட்டால், எந்த இடத்தில் எத்தனை பேர் காவல் நிற்கின்றனர் என்பதும் தெரிந்துவிடுகிறது. வழிகள் குறைவாக இருப்பதால் கணிப்பு சாத்தியமாகிறது. ஒன்றுக்கு மேல் இருப்பதால் கணிப்பு உறுதியாவதில்லை. அளவற்ற வழிகள் கொண்ட களத்தில் எல்லாமே குருட்டு யோகமாகிவிடும் என்பதையும், ஒரே வழி கொண்ட களத்தில் ஊகிக்க ஒன்றுமே இராது என்பதையும் நோக்கினால், இந்த நடுநிலையின் அருமை புரியும்.

காதும் புகையும்

எதிராளி மறைந்திருக்கும் ஆட்டத்தில் அவரைப் பற்றிய செய்தி எந்தெந்த வாயில்களில் கசிகிறது என்பதே வடிவமைப்பாளரின் முதன்மைக் கவலையாக இருக்கும். கவுண்டர்-ஸ்டிரைக்கில் ஓடினால் காலடியோசை கேட்கும், மெதுவாக நடந்தால் கேட்காது. ஆகவே விரைவுக்கும் மறைவுக்கும் இடையே ஒவ்வொரு கணமும் ஒரு தேர்வு நடக்கிறது. துப்பாக்கியை மாற்றும் ஒலியும் தோட்டா நிரப்பும் ஒலியும்கூட அருகிலிருப்பவருக்குச் செய்தியாகிவிடுவதால், தேர்ந்த ஆட்டக்காரர்கள் நல்ல ஹெட்போனை நல்ல திரைக்கு நிகராக மதிக்கின்றனர். ஒலி பொய்யும் சொல்லும்: ஒரு பக்கம் வேண்டுமென்றே ஓசையெழுப்பி ஓடிவிட்டு, சத்தமின்றித் திரும்பி மறுபக்கம் சேர்வது பழகிய ஏமாற்று.

செய்தியை மறைக்கவும் கருவிகள் உண்டு. ஸ்மோக் எனப்படும் புகைக்குண்டு சிறிது நேரம் பார்வையை மறைக்கும் சுவரை எழுப்புகிறது. ஃபிளாஷ் எனப்படும் ஒளிக்குண்டு எதிராளியின் திரையையே சில கணங்கள் வெண்மையாக்குகிறது. எந்த இடத்தில் நின்று, எந்தக் கூரையின் விளிம்பைக் குறிவைத்து எறிந்தால் புகை எங்கே போய் விழும் என்பதைப் பாடம்போல் பயிலும் வழக்கம் இருக்கிறது. கவுண்டர்-ஸ்டிரைக் 2-இல் புகை இடத்திற்கேற்பப் பரவவும், தோட்டாவும் வெடிகுண்டும் ஊடுருவும்போது ஒரு கணம் விலகவும் செய்யப்பட்டது, காட்சிநயத்தோடு நின்றுவிட்ட மாற்றம் இல்லை. மறைப்பையே கிழித்துப் பார்க்க ஆட்டக்காரருக்குத் தரப்பட்ட புது வாய்ப்பு அது.

கைக்குரிய பாடம்

கணிப்புக்கு இவ்வளவு இடம் இருந்தாலும் கைத்திறன் இரண்டாம் தரமாகிவிடவில்லை. சரியாகக் கணித்தவர் தவறாகச் சுட்டால் கணிப்பு வீணாகும். தொடர்ந்து சுடும்போது துப்பாக்கி உதைத்து மேலெழுவதை ரீகாயில் என்பர். கவுண்டர்-ஸ்டிரைக்கில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இந்த உதைப்பு ஒரு நிலையான வடிவில் முதலில் மேலேறிப் பின் பக்கவாட்டில் அலைவதால், அதற்கு எதிர்த்திசையில் மவுஸை இழுத்துத் தோட்டாக்களை ஒரே இடத்தில் விழவைக்கப் பயிலலாம். ஓடிக்கொண்டே சுட்டால் குறி சிதறும் என்பதால், எதிர்த்திசை விசையை ஒரு கணம் தட்டி உடலை நிறுத்தி, நின்ற கணத்தில் சுடும் பழக்கமும் கைக்கு ஏற வேண்டும். தோல்விக்கு ஆட்டத்தைக் குறை சொல்ல இடமின்றி, நேற்றைவிட இன்று கை படிந்திருக்கிறது என்று தெளிவாக உணரவைக்கும் இந்தப் பயிற்சியின் இன்பம், இசைக்கருவி பயில்வோர் நன்கறிந்தது.

இத்தகைய பயிற்சிக்குத் திரைக்கு வெளியேயும் பயன் உண்டா என்பது ஆய்வாளர்களை ஈர்த்த கேள்வி. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் கிரீன், டாஃப்னி பாவெலியர் ஆகியோர் 2003-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, விரைவான அதிரடி ஆட்டங்களை ஆடுவோரின் காட்சிக் கவனத்திறன் மேம்பட்டிருப்பதைக் காட்டிப் பரவலான விவாதத்தைத் தொடங்கிவைத்தது.

காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் சர்வர்

இந்த நுட்பங்கள் எல்லாம் ஒரு பௌதிகத் தடையின் மேல் கட்டப்பட்டவை. ஆட்டக்காரரின் கணினியிலிருந்து சர்வருக்குச் செய்தி சென்று திரும்ப எடுக்கும் நேரமே பிங். மில்லிநொடி எனப்படும், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கால் அது அளக்கப்படுகிறது. தொடக்ககால குவேக்கில் ஒருவர் விசையை அழுத்தியபின், சர்வரின் விடை வரும்வரை அவருடைய சொந்த உருவமே நகரவில்லை. தொலைபேசி இணைப்பில் ஆடியவர்களுக்கு இது பெரும் தொல்லையாயிருந்ததால், கார்மாக் 1996 இறுதியில் குவேக்வேர்ல்டு என்ற திருத்த வடிவத்தை வெளியிட்டார். அதில் ஆட்டக்காரரின் கணினி சர்வரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் அசைவைத் தானே முன்கூட்டிக் காட்டிவிட்டு, பின்னர் வரும் விடையோடு ஒத்துப்பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

சுடுதலுக்கு வேறொரு தீர்வு வேண்டியிருந்தது. ஒருவர் தன் திரையில் எதிராளியின் தலையைக் குறிவைத்துச் சுடும் கணத்தில், சர்வரின் கணக்குப்படி அந்த எதிராளி ஏற்கெனவே நகர்ந்துபோயிருப்பார். வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் விளக்கிய முறைப்படி, சர்வர் அனைவரின் அண்மைக்கால நிலைகளையும் நினைவில் வைத்திருந்து, சுட்டவர் பார்த்த கணத்திற்குக் காலத்தைத் திருப்பி, அப்போது தோட்டா பட்டதா என்று தீர்மானிக்கிறது. சுவருக்குப் பின் ஒளிந்தபிறகும் அடிபட்டேன் என்று ஆட்டக்காரர்கள் புலம்புவதற்கும், மூலையிலிருந்து எட்டிப் பார்ப்பவர் காத்திருப்பவரைவிட ஒரு கணம் முன்னதாகக் காண்பதற்கும் இந்த இடைவெளியே காரணம். வால்வ் நிறுவனத்தின் சர்வர்கள் சென்னையிலும் மும்பையிலும் இருப்பது தமிழ்நாட்டு ஆட்டக்காரருக்குப் பொருட்டாவதும் இதனால்தான். செய்தி சிங்கப்பூர் வரை சென்று திரும்ப வேண்டாததால் மிச்சப்படும் மில்லிநொடிகளில் சில சண்டைகளின் முடிவே மாறிவிடும்.

ஒரே சுவையின் வேறு வடிவங்கள்

எதிராளியின் எண்ணத்தைக் கணித்தல் என்ற அதே மூலப்பொருளிலிருந்து வேறு வேறு சுவைகளைச் சமைத்த ஆட்டங்களும் உண்டு. 2007 அக்டோபரில் வெளிவந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2, 1996-இல் ஆஸ்திரேலிய இளைஞர்கள் உருவாக்கிய குவேக் மாடின் வழித்தோன்றல். ஒன்பது வேறுபட்ட பாத்திரங்களுள் ஒன்றைத் தேர்ந்து ஆடுவது அதன் முறை. மெலிந்து வேகமாக ஓடும் ஸ்கவுட், மலைபோன்ற ஹெவி, நோயாற்றும் மெடிக் என்று ஒவ்வொரு பாத்திரத்தின் நிழலுருவும் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும்படி வரையப்பட்டது. அதே ஆட்டத்தில் எதிரணி ஆளைப்போல வேடமிட்டு நுழைந்து முதுகில் குத்தும் ஸ்பை என்ற பாத்திரமும் இருப்பதால், அருகில் வருபவர் நடையும் போக்கும் நம் ஆளுடையவைதானா என்ற ஐயம் நீங்காத சுவையாகிறது. குறிபார்க்கத் தெரியாதவரும் மெடிக்காக அணியின் உயிராக விளங்கலாம் என்பது இவ்வாட்டத்தின் இன்னொரு கொடை.

அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன் வேறொரு திசையில் சென்றார். ஆர்மா என்ற போர் ஆட்டத்திற்கு அவர் செய்த மாட்களிலிருந்து வளர்ந்து, 2017 மார்ச்சில் முன்னோட்டமாக வெளிவந்த பப்ஜியில், விமானத்திலிருந்து 100 பேர் குதித்து, 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் பரப்புள்ள எராங்கல் தீவில் ஆயுதம் தேடி, சுருங்கிக்கொண்டே வரும் சோன் எனப்படும் வட்டத்துக்குள் கடைசி ஆளாக எஞ்ச முயல்கின்றனர். வழிகள் குறைந்த டஸ்ட் 2-க்கு நேரெதிரான இந்தப் பெருவெளியில் அளவற்ற வழிகளின் குழப்பத்தைத் தீர்ப்பது அந்தச் சோன்தான். அது சுருங்கச் சுருங்க எதிராளிகள் எந்தப் பக்கமிருந்து வரக்கூடும் என்பது கணிக்கத்தக்கதாகிறது. பிரெஞ்சு அறிஞர் ரோஜெர் கைய்வா 1958-இல் விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், பாவனை, தலைச்சுற்றல் என்று நான்காக வகுத்தார். அந்த வகைப்பாட்டின்படி கவுண்டர்-ஸ்டிரைக் பெரும்பாலும் போட்டியில் நிற்க, எந்த வீட்டில் எந்த ஆயுதம் கிடைக்கும் என்பதே தெரியாத பப்ஜி, போட்டியோடு தற்செயலையும் கலக்கிறது. சுமாரான ஆட்டக்காரரும் நல்லதொரு துப்பாக்கி கிடைத்து, புதரில் மறைந்திருந்து, கடைசிப் பத்துப் பேருள் ஒருவராக முடியும் என்ற நம்பிக்கையே அதைப் பரந்த மக்களிடம் கொண்டுசேர்த்தது. 2018 ஜனவரியில் ஒரே நேரத்தில் 32 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஸ்டீம் என்ற கணினி ஆட்டத் தளத்தில் அதை ஆடினர்.

2019 பிப்ரவரியில் வந்த அபெக்ஸ் லெஜண்ட்ஸ், அறிமுகமற்ற மூவர் ஓர் அணியாகும்போது எழும் மொழிச் சிக்கலைத் தீர்த்தது. ஒரு விசையைத் தட்டினால் பார்க்கும் இடத்தில் குறி தோன்றி, எதிரி இங்கே, ஆயுதம் இங்கே, இவ்வழியே போவோம் என்று பாத்திரமே கூட்டாளிகளுக்குச் சொல்லும் முறை அதில் இருந்தது. 2020 ஜூனில் வெளியான வேலரன்ட், கவுண்டர்-ஸ்டிரைக்கின் சுற்று, பணம், குண்டு ஆகிய விதிகளை எடுத்துக்கொண்டு, புகை எழுப்புவது, எதிரியின் இடத்தைக் காட்டிக்கொடுப்பது போன்ற ஆற்றல்களை ஏஜென்டுகள் எனப்படும் பாத்திரங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. அவ்வாற்றல்களுள் பெரும்பாலானவை ஆளைக் கொல்வதைவிடச் செய்தியைப் பெறவும் மறைக்கவுமே பயன்படுகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

சமமான எதிராளி

எதிராளி மிக வலியவராயிருந்தால் கணிக்கவே நேரம் இராது. மிக எளியவராயிருந்தால் கணிக்கத் தேவையே இராது. பழைய ஆட்டங்களில் சர்வர் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்து நுழைந்தவர் யாரைச் சந்திப்பார் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்தது. 2004 நவம்பரில் வெளியான ஹேலோ 2, ஆட்டக்காரர்களின் தரத்தை அளந்து நிகரானவர்களைத் தானே இணைக்கும் மேட்ச்மேக்கிங் முறையை வீட்டு ஆட்டப்பெட்டிகளில் பரவலாக்கியது. சதுரங்கத்திற்காக அர்பாட் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறையைக் குழு ஆட்டங்களுக்கு ஏற்ப விரிவாக்கிய ட்ரூஸ்கில் என்ற முறையை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உருவாக்கினர். ஒருவரின் திறமை இவ்வளவு என்று மதிப்பிடுவதோடு, அந்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அது கணக்கில் கொள்கிறது. ஏறத்தாழப் பாதி வெற்றி, பாதி தோல்வி என்ற நிலையில் ஆட்டக்காரரை நிறுத்துவதே இத்தகைய முறைகளின் நோக்கம்.

இருபக்கமும் நிகராயிருக்கும்போது ஆட்டம் காண்பதற்கும் உரியதாகிறது. 2018 ஜனவரியில் பாஸ்டனில் நடந்த மேஜர் எனப்படும் கவுண்டர்-ஸ்டிரைக் பெரும்போட்டியின் இறுதி ஆட்டத்தின் கடைசிக் களத்தில், 16 சுற்று வென்றால் பட்டம் என்ற நிலையில் 11-15 என்று பின்தங்கியிருந்த கிளவுட்9 அணி, ஃபேஸ் அணியை எட்டிப்பிடித்து, கூடுதல் சுற்றுகள் இருமுறை நீண்டபின் 22-19 என்று வென்றது. தோற்கும் அணிக்கும் பணம் கிடைக்கும் விதி இத்தகைய மீட்சிக்கு எப்போதும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அரங்கிலிருந்து பார்ப்பவருக்கு இரு அணியினரின் இருப்பிடமும் சுவரை ஊடுருவித் தெரிவதால், ஆட்டக்காரர் அறியாததைத் தான் அறிந்திருக்கும் பதைப்பே அவருக்குரிய சுவையாகிறது.

கைபேசிக்கு வந்த களம்

இந்தியாவில் இவ்வாட்டங்களின் முதல் தலைமுறை நெட் சென்டர்களில் வளர்ந்தது. சொந்தக் கணினி அரிதாயிருந்த 2000-களில், மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, உள்வலைப்பின்னலில் இணைந்த கணினிகளில் கவுண்டர்-ஸ்டிரைக் 1.6 ஆடிய இளைஞர்களுக்கு, எதிராளி அடுத்த தடுப்புக்கு அப்பால்தான் இருந்தார். 2016-இல் ஜியோ தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வருகையால் இணையக் கட்டணம் சரிந்தபின், 2018 மார்ச்சில் வந்த பப்ஜி மொபைல் அந்த அனுபவத்தைக் கைபேசிக்கு மாற்றியது. விலை குறைந்த கைபேசியிலும் ஓடக்கூடிய, ஏறத்தாழ 50 பேருடன் பத்து நிமிடமளவில் முடியும் ஃப்ரீ ஃபயர் இன்னும் பரவலான வட்டத்தை எட்டியது. மவுஸ் இல்லாத குறையைக் கைபேசியைச் சாய்த்துக் குறிபார்க்கும் முறையாலும், நான்கு விரல்களைத் திரைமேல் வைத்து ஆடும் பிடியாலும் ஆட்டக்காரர்கள் ஈடுசெய்தனர்.

அரசின் நடவடிக்கைகளும் இக்கதையின் பகுதியே. 2020 செப்டம்பரில் சீனத் தொடர்புள்ள 118 செயலிகளுள் ஒன்றாகப் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கென வெளிவந்த வடிவம், 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைக்குள்ளானது. 18 வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆட முடியாது என்ற வரம்பு பிஜிஎம்ஐயில் உண்டு. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ஆட்ட அடிமைநிலை என்ற பிரிவு, அன்றாட வாழ்வையே குலைக்கும் அளவுக்குக் கட்டுப்பாடிழந்த ஆட்டத்தைக் குறிப்பது. ஆடுவோர் எல்லோரையும் அது சுட்டவில்லை.

சுவையைக் கெடுப்பவை

வன்முறையைத் தூண்டுகின்றன என்பதே இவ்வாட்டங்கள் மீதான பழைய குற்றச்சாட்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டீனும் பிரிட்டனின் 14, 15 வயதினரிடையே நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறை கொண்ட ஆட்டங்களுக்கும் வளரிளம் பருவத்தினரின் மூர்க்க நடத்தைக்கும் தொடர்பு தென்படவில்லை. இதனால் ஆட்டக்களத்தில் நிகழும் எல்லாமே தீங்கற்றவை என்றாகிவிடாது. குரல்வழி உரையாடலில் பெண்களும் புதியவர்களும் எதிர்கொள்ளும் வசை, அடிபட்டதைவிட ஆழமாக அவர்களை வெளியே தள்ளுகிறது.

வணிகத்தின் தலையீடு இன்னொன்று. 2013 முதல் கவுண்டர்-ஸ்டிரைக்கில் துப்பாக்கிகளுக்கு வண்ணப்பூச்சு தரும் ஸ்கின்கள் விற்கப்படுகின்றன. அவற்றால் ஆட்ட வலிமை கூடுவதில்லை என்பது பாராட்டத்தக்கது. ஆனால் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் வழியாக அவை வழங்கப்படுவதால், 2018-இல் பெல்ஜியம் அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டமாகவே கருதியது. களத்தினுள் தற்செயலை இவ்வளவு கவனமாக அளந்து வைத்த ஓர் ஆட்டம், களத்துக்கு வெளியே அதையே விற்பனைச் சரக்காக்கியது முரண்.

மோசடி நிரல்களின் கதையோ இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு எதிர்த்திசையிலிருந்து வரும் சான்று. தானே குறிபார்த்துச் சுடும் ஏய்ம்பாட் ஒருவகை. சுவருக்குப் பின்னாலுள்ள எதிராளிகளைக் காட்டிவிடும் வால்ஹேக் மற்றொரு வகை. பின்னது ஆட்டக்காரரின் கைக்கு எந்த உதவியும் செய்வதில்லை. அவர் தன் சொந்தத் திறமையாலேயே சுடுகிறார். ஆயினும் அது நுழைந்த மறுகணமே ஆட்டம் முழுவதும் பாழாகிறது. ஏமாற்றோசை, சேமித்த பணம், புகை, காத்திருப்பு ஆகிய அனைத்தும் ஒரே வீச்சில் பொருளற்றுப்போகின்றன. வேலரன்ட் ஆட்டத்தில் எதிராளி பார்வைக்கு வரப்போகும் தருணம்வரை அவருடைய இருப்பிடத்தை மற்றவர் கணினிக்குச் சர்வர் அனுப்பாமலே வைத்திருக்கும் ஏற்பாடு செய்யப்பட்டிருப்பது, எதைக் காக்க வேண்டும் என்பதை அதன் பொறியாளர்கள் தெளிவாக அறிந்திருந்ததைக் காட்டுகிறது.

ஒரு ஷூட்டர் ஆட்டத்தை மதிப்பிட முனைவோர் அதன் காட்சிநயத்தையோ துப்பாக்கிகளின் எண்ணிக்கையையோ அளவுகோலாகக் கொள்ளவேண்டியதில்லை. மறைக்க என்ன இருக்கிறது, அறிய என்ன வழி இருக்கிறது, தவறாகக் கணித்தவர் தன் தவறு எங்கே நேர்ந்தது என்று புரிந்துகொள்ள இடமிருக்கிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். இம்மூன்றுக்கும் நிறைவான விடை தந்ததனால்தான், இரு இளைஞர்கள் ஓய்வுநேரத்தில் தொடங்கிய கவுண்டர்-ஸ்டிரைக்கை இன்றும் நாள்தோறும் ஒரே நேரத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆடுகின்றனர். பிள்ளை ஏன் அந்தத் திரையை விட்டு எழுவதில்லை என்று கேட்கும் பெற்றோரும், தடை விதிக்க முற்படும் அரசும், விற்பனைப் பெட்டிகளைப் பெருக்கும் நிறுவனமும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, அங்கே பிள்ளையைக் கட்டிப்போட்டிருப்பது துப்பாக்கியைவிட எதிரேயுள்ள மனிதரே என்பதைத்தான்.